மேசையில் ஓடிய கருவி படுக்கையருகே வரும் வரை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. “மிஷின் தானா ஓடுதுன்னு சொல்லுதீகளே சார், அது நின்னு போச்சுன்னா என்ன செய்வீக?” மருத்துவக் கருவி செய்ய முற்படும் பொறியாளர் ஒருவர் முதல் நாளன்றே தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் இதுவேயாகும். அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது, அவ்வுழைப்பு குறைந்தால் என்ன நேரும் என்பதை விளக்குவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நம் மருத்துவமனையின் படுக்கைகளைச் சுற்றி நிற்கும் கருவிகளுள் கணினி இல்லாதது இன்று அரிது. மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்சு பம்ப், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், மூச்சுக்குத் துணை நிற்கும் வென்டிலேட்டர், பிறந்த குழந்தைக்கு வெம்மை தரும் வார்மர் ஆகியவற்றின் உள்ளே விரல் நகத்தின் அளவே உள்ள ஒரு சில்லு இருக்கிறது. அச்சில்லில் பதிக்கப்பட்ட கட்டளைகளின் தொகுப்பை உட்பொதி மென்பொருள் என்பர். மேசைக் கணினியில் ஓடும் மென்பொருள் தவறினால் திரை உறையும். அணைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உட்பொதி மென்பொருள் தவறினால் ஒரு வால்வு திறக்காமல் போகலாம், அல்லது மூடாமல் போகலாம். அந்த வால்வின் மறுமுனையில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் கொரோனா காரணமாக நாடே கதவடைத்துக்கொண்டபோது, வென்டிலேட்டர்கள் போதாமற்போகும் என்ற அச்சம் எங்கும் பரவியது. பொறியியல் கல்லூரிகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் பலர் தம்மால் இயன்றதைச் செய்ய முன்வந்தனர். ஆம்புலன்சில் செவிலியர் கையால் அழுத்தும் ஆம்பு பையை நீங்கள் கண்டிருக்கலாம். அதை அழுத்த ஒரு மோட்டார், ஒரு நெம்புகோல், சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் அர்டுயினோ பலகை, இணையத்திலிருந்து எடுத்த சில வரிக் கட்டளைகள் ஆகியவற்றை இணைத்தால் ஓரிரு நாட்களில் ஒரு கருவி ஆயத்தமாகிவிடும். பை அழுந்தும், அடுத்த முனையில் கட்டிய பலூன் உப்பும், வற்றும். அத்தகைய காணொளிகள் அந்நாட்களில் கைபேசிகளில் வலம் வந்தன. “இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை மருத்துவமனைகள் ஏன் வாங்குவதில்லை?” என்று பலரும் வினவினர். வினவியதில் குற்றமில்லை. மேசைமேல் அது ஓடத்தான் செய்தது.

அதே வேளையில் வேறொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. கான்பூர் ஐஐடியில் பயின்ற நிகில் குரேலே, ஹர்ஷித் ராத்தோர் ஆகிய இளைஞர்கள் தொடங்கிய நோக்கார்க் ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம், சூரிய மின் தகடுகளை நீரின்றித் துடைக்கும் இயந்திரங்களைச் செய்துவந்தது. மருத்துவத் துறையில் அதற்கு முன்னனுபவம் இல்லை. கான்பூர் ஐஐடியின் தொழில் வளர்ப்பு மையம் அவர்களுக்கு ஆதரவாக மருத்துவர்கள், தொழில்துறையினர், பேராசிரியர்கள் அடங்கிய குழு ஒன்றை அமைத்தது. ஏறத்தாழ 90 நாட்களில் நோக்கார்க் வி310 என்ற வென்டிலேட்டர் உருவாயிற்று. அம்முயற்சியை வழிநடத்திய ஸ்ரீகாந்த் சாஸ்திரி, அமிதாப பந்தோபாத்யாய் ஆகிய இருவரும் ‘தி வென்டிலேட்டர் புராஜெக்ட்’ என்ற நூலில் அவ்வரலாற்றை எழுதியிருக்கின்றனர்.

90 நாள் என்பது வியக்கத்தக்க வேகம் என்று பத்திரிகைகள் பாராட்டின, பாராட்டுக்குரியதுதான். எனினும் என் போன்ற கருவிப் பராமரிப்புப் பணியாளரை ஈர்ப்பது மற்றொரு செய்தி. காற்றை உள்ளே தள்ளும் முதல் மாதிரியைச் செய்வதற்கு அத்தனை நாட்கள் வேண்டியிருக்கவில்லை. அதன் பின்னர் மருத்துவர்கள் எழுப்பிய “இப்படி ஆனால் என்ன?”, “அப்படி ஆனால் என்ன?” என்னும் வினாக்களே காலத்தைக் கொண்டன. இறக்குமதி தடைப்பட்டு, ஒரு சென்சாருக்காக ஊர் ஊராகத் தேட வேண்டியிருந்த நாட்களில் அவ்வினாக்களைத் தவிர்த்துவிட எத்தனை தூண்டுதல் இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பலூனுக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொலைவு

வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே சென்று வெளியே வருகிறது. இதை மட்டும் செய்தால் போதுமென்றால் அர்டுயினோ பலகை போதும். ஆனால் நோயுற்ற நுரையீரல் பலூனைப் போல் பணிவாக இருப்பதில்லை. நோயாளி திடீரென்று இருமுவார். குழாயில் சளி அடைக்கும், நீர் கோக்கும். படுக்கையில் புரட்டிப் படுக்கவைக்கும்போது குழாய் மடங்கும், சில வேளை கழன்றே விழும். மயக்கம் தெளியும் நோயாளி தாமாக மூச்சிழுக்க முயலுவார். அந்த மெல்லிய முயற்சியை உணர்ந்து, அவரோடு போட்டியிடாமல் அவருக்கு இசைந்து கருவி காற்றைத் தர வேண்டும். விறைத்துப்போன நுரையீரலுக்குள் மிகுந்த அழுத்தத்தில் காற்றைத் திணித்தால் அது கிழியும். காற்று முழுவதும் வெளியேறும்படி விட்டால் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளும்.

இவை உடலின் பக்கத்து இடர்கள். கருவியின் பக்கத்தில் வேறொரு பட்டியல் இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுதாகி, கடைசியாக அளந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? திரை உறைந்து பழைய எண்களைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே மோட்டார் நின்றுபோயிருந்தால்? செவிலியர் ஒரு மதிப்பை மாற்றிக்கொண்டிருக்கும் அதே நொடியில் மின்சாரம் தடைப்பட்டால், கருவி மீண்டெழும்போது பழைய மதிப்பை எடுக்குமா, பாதி மாற்றிய மதிப்பை எடுக்குமா?

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சற்று விரித்துரைக்கிறேன். கருவிக்குள் இருக்கும் சில்லு, தான் இயங்கத் தொடங்கியது முதல் எத்தனை மில்லி நொடிகள் கடந்தன என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை எழுதிவைக்க 32 இடங்கள் கொண்ட பெட்டி ஒன்று ஒதுக்கப்படுவது வழக்கம். அப்பெட்டி நிரம்பச் சற்றேறக்குறைய 49 நாட்களும் 17 மணி நேரமும் ஆகும். நிரம்பியதும் எண் சுழியத்திற்குத் திரும்பிவிடும். மென்பொருளை எழுதியவர் இதை எண்ணிப் பாராதவராயின், “சென்ற மூச்சு தந்து எவ்வளவு நேரமாயிற்று?” என்று கருவி போடும் கணக்கு அந்தக் கணத்தில் பிழைபட்டுப்போகலாம். மேசைமேல் ஓரிரவு முழுவதும் ஓட்டிச் சோதித்தாலும் இப்பிழை வெளிப்படாது. ஆனால் வென்டிலேட்டரில் ஐம்பது நாட்களுக்கு மேல் இருந்த நோயாளிகள் உண்டு. இது வெறும் கற்பனை அச்சமன்று. இதே வகைக் குறையினால், போயிங் 787 விமானத்தின் மின் ஆக்கிகள் 248 நாட்கள் இடைவிடாது இயங்கினால் ஒரே நேரத்தில் நின்றுபோகக்கூடும் என்று கண்டறியப்பட்டு, அதற்கு முன்பே மின்சாரத்தை அணைத்து இயக்க வேண்டும் என 2015இல் அமெரிக்க விமானத் துறை ஆணையிட்டது.

நின்றால் நலமா, ஓடினால் நலமா?

நம் ஊரில் விசைத்தறியின் ஓசை கேளாத தெரு குறைவு. தறி ஓட்டுவோருக்கு நன்கு தெரிந்த ஒரு நுட்பம் உண்டு. ஊடை நூல் அறுந்துபோனால், ஆள் கவனிக்கவில்லை என்றாலும், முள்கரண்டி போன்ற ஒரு சிறு இரும்பு அதை உணர்ந்து தறியை நிறுத்திவிடும். நூல் இருக்கும்வரை அந்த நூலே இரும்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். நூல் இல்லையேல் இரும்பு தன்னிடத்திலேயே நின்று தறியை நிறுத்தும். இதில் மின்னணுவியல் இல்லை, மென்பொருள் இல்லை. “ஐயம் ஏற்பட்டால் நின்றுவிடு” என்னும் கட்டளை இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. துணி பாழாவதைக் காட்டிலும் தறி நிற்பது மேல்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் கருவிக்கும் இவ்விதி பொருந்தும்; ஐயம் எழுந்தால் கதிரை நிறுத்திவிடலாம், நாளை மீண்டும் தரலாம். ஆனால் வென்டிலேட்டருக்கு இவ்விதி பொருந்தாது. அது நிற்பதே ஆபத்து. சிரிஞ்சு பம்ப் இவ்விரண்டிற்கும் நடுவில் இருக்கிறது. நோய்க்கிருமிக்கான மருந்து பத்து நிமிடம் தாமதமானால் பெருந்தீங்கு இல்லை. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் நார்அட்ரினலின் பத்து நிமிடம் நின்றால் அது வேறு கதை. ஒரே கருவி, ஒரே மென்பொருள். ஊசியில் உள்ள மருந்தைப் பொறுத்து எது பாதுகாப்பு என்பதே மாறிவிடுகிறது. முன்மாதிரி செய்வோர் பெரும்பாலும் காணத் தவறுவது இந்த இடத்தைத்தான் என்பது என் எண்ணம். கருவி என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் அழகாக எழுதிவிடுவார்கள். தன்னால் செய்ய இயலாதபோது அது எந்த நிலையில் போய் நிற்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிடுவார்கள்.

நிற்கவே கூடாத கருவியில் என்ன செய்வது? முதலாவதாக, மென்பொருளைக் கண்காணிக்க அதற்குப் புறம்பாக ஒரு காவல் வேண்டும். இரவில் பாரா வரும் காவலர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வதைப் போன்றது இது. ‘வாட்ச்டாக்’ எனப்படும் தனிக் கடிகாரம் ஒன்று கருவிக்குள் இருக்கும். மென்பொருள் குறித்த இடைவெளியில் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லை என்றால் மென்பொருள் எங்கோ சிக்கிக்கொண்டது என்று பொருள். கடிகாரம் சில்லை உலுக்கி எழுப்பும். கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து மூச்சைத் தொடர வேண்டும். இரண்டாவதாக, அழுத்தம் மிகுந்தால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்று வெறும் வில்சுருளின் விசையால் இயங்க வேண்டும்; அது சில்லின் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்றாவதாக, எல்லாம் கைவிட்டாலும் நோயாளி அறையின் காற்றையாவது தாமே இழுத்துக்கொள்ள வழி திறந்திருக்க வேண்டும். நான்காவதாக, மின்சாரம் அறவே போனாலும் எச்சரிக்கை ஒலி எழ வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சிறு மின்சேமிப்பு வேண்டும். இத்தனைக்கும் பிறகும் வென்டிலேட்டரின் அருகில் ஓர் ஆம்பு பை தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் வினாவுக்கு மருத்துவமனை வைத்திருக்கும் கடைசி விடை அதுதான்: கருவி நின்றால், செவிலியரின் கை இயங்கும்.

தெராக்-25

இத்துறையில் பயிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தரப்படும் கதை ஒன்று இருக்கிறது. அச்சமூட்டுவதற்காக இதை இங்கே சொல்லவில்லை. இன்றைய விதிகள் பலவும் எதற்காக வந்தன என்பது இதை அறிந்தால் விளங்கும்.

தெராக்-25 என்பது கனடா நாட்டின் அணுசக்தி நிறுவனம் செய்த கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 11 கருவிகள் நிறுவப்பட்டன. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, ஆறு நோயாளிகள் அக்கருவிகளால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களுள் சிலர் அதனால் உயிரிழந்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986 மார்ச்சு மாதம் ஒருவருக்குத் தரப்பட வேண்டியிருந்த அளவு 180 ரேட். அவர் உடலில் ஒரு சிறு பகுதியில், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் பாய்ந்ததோ 16,500 முதல் 25,000 ரேட் வரை இருக்கும் என்று பின்னர் கணக்கிட்டனர்.

நடந்தது இதுதான். கருவியை இயக்கியவர் சிகிச்சை வகையைக் குறிக்கும் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே சென்று திருத்திக்கொண்டார். கைப்பழக்கம் மிக்கவராதலால் திருத்தம் சில நொடிகளில் முடிந்துவிட்டது. கருவியின் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ 8 நொடிகள் ஆகும். அந்த 8 நொடிகளுக்குள் செய்யப்பட்ட திருத்தத்தை மென்பொருள் முழுமையாகக் கவனிக்கவில்லை. திரை திருத்திய மதிப்பைக் காட்டியது; கருவியின் உட்பகுதி பழைய மதிப்பிலேயே ஒரு பாதி நின்றது. மெதுவாகத் தட்டுபவரிடம் இப்பிழை ஒருபோதும் வெளிப்பட்டிராது. அந்த மருத்துவமனையின் இயற்பியலரும் கருவியை இயக்கியவரும் இரண்டாம் விபத்துக்குப் பின்னர்ப் பலமுறை வேகவேகமாகத் தட்டிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தனர்.

இதைவிட என்னை உறுத்துவது இப்பிழையின் முன்வரலாறு. அதற்கு முந்தைய மாதிரியான தெராக்-20இலும் அதே பிழை இருந்தது. ஆனால் அக்கருவியில், விசைத்தறியின் கரண்டியைப் போல, இரும்பாலும் மின்கம்பியாலும் ஆன பூட்டுகள் இருந்தன. மென்பொருள் தவறியபோதெல்லாம் ஃபியூஸ் போயிற்று. ஃபியூஸை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். யாருக்கும் தீங்கு நேராததால் மென்பொருள் நல்ல மென்பொருள் என்று பெயர் எடுத்துவிட்டது. அந்த நற்பெயரை நம்பி, புதிய மாதிரியில் பூட்டுகளை நீக்கிவிட்டு, பாதுகாப்பை மென்பொருளிடமே ஒப்படைத்தார்கள். 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வில் மென்பொருளின் பிழைகள் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. ஹாமில்டன் நகர விபத்துக்குப் பின் ஒரு சிறிய சுவிட்சைத் திருத்திவிட்டு, பாதுகாப்பு ஓர் இலட்சம் மடங்கேனும் உயர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இலட்சம் என்ற எண் எவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுகிறதோ அவ்வளவுக்கு அதை ஐயுற வேண்டும் என்பது பராமரிப்புப் பணியில் இருப்போரின் பழக்கம்.

டைலரில் திரையில் தோன்றிய செய்தி ‘மால்ஃபங்ஷன் 54’ என்பது. அதன் பொருளைக் கையேடு விளக்கவில்லை. அக்கருவி நாள்தோறும் இவ்வாறு ஏதாவது ஒரு குறையைச் சொல்லி நிற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு விசையைத் தட்டினால் தொடர்ந்து ஓடும். ஆகவே அன்றும் தட்டினார்கள். அறைக்குள் இருந்த நோயாளியைக் காட்டும் கேமரா திரை அன்று இணைக்கப்பட்டிருக்கவில்லை. அவர் குரலைக் கேட்கும் கருவியும் பழுதாகியிருந்தது.

விதிகளும் நம் நாடும்

இத்தகைய பட்டறிவிலிருந்து பிறந்தவையே இன்றைய தரவிதிகள். ஐஎஸ்ஓ 14971 இடர்களை எண்ணிப் பார்க்கும் முறையைச் சொல்கிறது. 2006இல் வெளிவந்த ஐஇசி 62304 மருத்துவக் கருவியின் மென்பொருளை எப்படி எழுத வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும், எப்படிப் பேண வேண்டும் என்று வகுக்கிறது. அவ்விதி மென்பொருளை மூன்றாகப் பிரிக்கிறது: தவறினாலும் யாருக்கும் தீங்கு நேராதது ஏ, சிறு தீங்கு நேரக்கூடியது பி, உயிரிழப்போ கடுந்தீங்கோ நேரக்கூடியது சி. சி வகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு தேவைக்கும் எழுத்துச் சான்று வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சோதனை வேண்டும். ஒரு வரியை மாற்றினால் அது வேறு எதைத் தொடுகிறது என்று காட்ட வேண்டும். இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்த பகுதிகளுக்கு அவ்விதி ‘பிறப்பறியாத மென்பொருள்’ என்ற பொருள்படும் பெயரையே சூட்டியிருக்கிறது. அவை உள்ளே வரலாம், ஆனால் அவை தவறினால் என்ன செய்வது என்ற விடையோடுதான் வர வேண்டும். இதனால்தான், முன்மாதிரியில் ஓடிய மென்பொருளைச் சற்றுத் திருத்திப் பயன்படுத்துவதைவிட, அதிலிருந்து கற்றதை வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதுவதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

கருவி முழுமைக்கும் வேறு சோதனைகள் உண்டு. பக்கத்துப் படுக்கையில் ஒலிக்கும் கைபேசியோ, அறுவை அரங்கின் மின் கத்தியோ எழுப்பும் அலைகளால் அது குழம்பக் கூடாது. இத்தகைய மின்காந்தச் சோதனைகளைச் செய்யும் அரசு நிறுவனம் ஒன்று சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது. சமீர் என்பது அதன் பெயர்.

நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் 2017இல் இயற்றப்பட்டு, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. தொடக்கத்தில் சில கருவிகளே அதன் வரம்பில் இருந்தன. 2020 பிப்ரவரி அறிவிக்கையின்படி, அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன. குறைந்த இடருடைய கருவிகளுக்கு 2022 அக்டோபர் முதலும், வென்டிலேட்டர் போன்ற மிகுந்த இடருடையவற்றுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயமாயிற்று. கொரோனாவும் இச்சட்டமும் ஒரே இளவேனிலில் வந்தது தற்செயல்தான்.

நம் வார்டுகளில்

இவையெல்லாம் தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. கோடை இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் நம் பகுதிக்குப் புதியன அல்ல. ஆகவே எந்தக் கருவியானாலும், அதன் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கொண்டு முடிவு செய்யாமல், உண்மையாகவே மின்சாரத்தைத் துண்டித்து அளந்து பார்க்க வேண்டும். புதிதாக இருந்தபோது தாங்கிய நேரம் பேட்டரிக்கு வயதானபின் தாங்காது. இங்கிருந்து பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியை ஆம்புலன்சில் அனுப்பும்போது, அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தச் சாலை முழுவதும் கருவி பேட்டரியை நம்பியே இருக்க நேரிடலாம். “இன்னும் ஏன் வண்டி கிளம்பவில்லை?” என்று நீங்கள் பதறும் அந்தச் சில நிமிடங்களில் அங்கே சரிபார்க்கப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று.

படுக்கையருகே இருக்கும் உறவினர்களிடம் சில வேண்டுகோள்கள். எச்சரிக்கை ஒலி எழும்போது அதை நிறுத்தும் பொத்தானைத் தயவுசெய்து நீங்கள் அழுத்தாதீர்கள். ஒலி தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது உண்மை. பல ஒலிகள் சிறு காரணத்திற்காகவே எழுகின்றன என்பதும் உண்மை. ஆனால் டைலரில் தொடர்ந்து தட்டப்பட்ட விசையும் அத்தகைய பழக்கத்தின் விளைவே. செவிலியரை அழையுங்கள், ஐந்தாம் முறையானாலும் அழையுங்கள். ஒரே ஒலி மீண்டும் மீண்டும் எழுந்தால், எல்லை மதிப்பை நோயாளிக்கேற்ப மாற்றியமைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சிரிஞ்சு பம்பின் பொத்தான்களையும் தொட வேண்டாம். அமெரிக்காவில் 2005 முதல் 2009 வரை மருந்து செலுத்தும் பம்புகள் பற்றி ஏறத்தாழ 56,000 புகார்கள் பதிவாயின. அக்காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. கண்டறியப்பட்ட குறைகளுள் ஒன்று, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகப் பம்ப் எடுத்துக்கொண்டது. ஒரு சுழியம் கூடினால் 10 என்பது 100 ஆகிவிடும். செவிலியர் எண்ணைத் தட்டியபின் திரையை வாய்விட்டுப் படித்து மற்றொருவரிடம் சரிபார்ப்பது இதற்காகத்தான். கருவிகளுக்கென ஒதுக்கிய சுவர்ப் பலகையில் கைபேசி சார்ஜரைச் செருகுவதும் வேண்டாம். அதற்கு வேறு இடம் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோ, இரவு மூச்சுக்கான பைபேப் கருவியோ வாடகைக்கு எடுத்துச் செல்வோர் இப்போது மிகுந்து வருகின்றனர். விலை மலிவு என்பதற்காகப் பெயரறியாத கருவியை எடுத்துவிடாதீர்கள். கருவியின் பின்புறம் அல்லது அடிப்புறம் ஒட்டியுள்ள வில்லையில் தயாரிப்பு உரிம எண் அல்லது இறக்குமதி உரிம எண், தயாரித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். வில்லை கிழிக்கப்பட்டிருந்தால் கருவியை வாங்க வேண்டாம். கான்சென்ட்ரேட்டர் மின்சாரம் இன்றி இயங்காது. மாற்றாகச் சிறு சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் முன்பே, மின்சாரம் போனால் எந்த ஒலி எழும், யார் எழுந்து சிலிண்டரைத் திறப்பது, குழாயை எப்படி மாற்றுவது என்பதை வார்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். செவிலியர் உடனிருந்து காட்டுவார்.

கருவியினால் தீங்கு நேர்ந்தாலும், நேர இருந்து தப்பினாலும், அதைத் தெரிவிக்க நம் நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நெறிமுறை ஆணையம் நடத்துகிறது. மருத்துவமனைதான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியும் உறவினரும் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. அழைக்கும் முன், கருவியின் பெயர், வரிசை எண், நிகழ்ந்த நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் ஏதேனும் எண்ணோ சொல்லோ தோன்றியிருந்தால், அதன் பொருள் விளங்கவில்லை என்றாலும், முதலில் செவிலியரை அழைத்துவிட்டு, பின்னர் அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கருவியை அணைத்து இயக்கியதும் அச்செய்தி பெரும்பாலும் மறைந்துவிடும்.